வாசல் எண் சொல்லுங்கள்: சியோல் சுரங்க ரயிலும் புதிதாக வந்தவர்களும்

1994இல் சியோலின் தேஹாங்னோ பகுதியில், ஹாக்சோன் என்ற சின்ன அரங்கில், ஓர் இசை நாடகம் மேடையேறியது. ‘சுரங்க ரயில் முதல் தடம்’ என்று பெயர். சீனாவின் யான்பியன் பகுதியில் கொரிய வம்சாவளியில் பிறந்த ஒரு பெண், தனக்கு வாக்குக் கொடுத்துவிட்டுப் போனவனைத் தேடி விடியற்காலையில் சியோல் நிலையத்தில் வந்து இறங்குகிறாள். அந்த ஒரு நாளில் முதல் தடத்து ரயிலிலும் அதன் நிலையங்களிலும் அவள் எதிர்கொள்ளும் மனிதர்கள்தான் மொத்த நாடகமும். பெர்லின் கிரிப்ஸ் அரங்குக்காக ஃபோல்கர் லுட்விக் எழுதி 1986இல் அரங்கேறிய நாடகத்தைத் தழுவி, கிம் மின்-கி இதைச் சியோலுக்கே உரியதாக மாற்றி எழுதினார். 4,000 காட்சிகள் ஓடிய பிறகு, 2008 முடிவில் அவரே நிறுத்தினார்.

ஒரு பெருநகரத்தைச் சொல்ல அவர் தேர்ந்தெடுத்தது அங்கேயே பிறந்து வளர்ந்தவனின் கண்ணை அல்ல, அன்று காலை வந்து இறங்கியவளின் கண்ணை. அந்தத் தேர்வு இன்றும் பொருந்துகிறது. கொரியாவில் இப்போது 25 லட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டினர் இருக்கிறார்கள். அவர்களில் பாதிக்கு மேல் சியோலிலும் அதைச் சுற்றிய தலைநகர் வட்டாரத்திலும் வாழ்கிறார்கள். ஆங்கிலம் கற்பிக்க வந்த கனடாக்காரரோ, முனைவர் பட்டத்துக்கு வந்த தமிழ்நாட்டு மாணவரோ, தொழிற்சாலை வேலைக்கு வந்த நேபாள இளைஞரோ, யாரானாலும் முதல் சில வாரங்களில் ஊரைப் பழகுவது சுரங்க ரயிலில்தான். அது அவர்களுக்கு எந்தச் சியோலைக் காட்டுகிறது, எதைக் கண்ணில் படாமல் தாண்டிப் போகிறது என்று பார்ப்போம்.

முதலில், அது எளிது. உலகத்தில் மொழி தெரியாதவன் தைரியமாக ஏறக்கூடிய ரயில்கள் சில உண்டு. சியோல் ரயில் அவற்றில் ஒன்று. தடத்துக்கு ஓர் எண், ஒரு நிறம். நிலையத்துக்கும் எண் உண்டு: கங்னாம் 222, இடேவோன் 630, மியோங்தோங் 424. முதல் இலக்கம் தடத்தைச் சொல்லிவிடும். எண்ணை மட்டும் பார்த்து, ஏறுகிறதா இறங்குகிறதா என்று கவனித்தாலே எந்தத் திசையில் போகிறோம் என்பது விளங்கிவிடும். அறிவிப்பு கொரிய மொழியில் வரும், பின்னாலேயே ஆங்கிலத்தில் வரும். விமான நிலையத்தின் முதல் முனையத்தில் விரைவு ரயில் ஏறினால் 43 நிமிடத்தில் சியோல் நிலையம். நின்று நின்று போகும் ரயில் ஒரு மணி நேரம் எடுக்கும், பாதிக்கும் குறைந்த காசுக்குப் போகலாம்.

இந்த எளிமை தானாக வந்ததல்ல. 2004 ஜூலையில் சியோல் மாநகரம் பேருந்தையும் ரயிலையும் ஒரே கட்டணக் கணக்கில் கொண்டுவந்தது. டி-மணி என்ற பயணக் கார்டும் அப்போது வந்ததுதான். ரயிலிலிருந்து இறங்கி 30 நிமிடத்துக்குள் பேருந்தில் ஏறினால் புதுக் கட்டணம் இல்லை, மொத்தத் தூரத்துக்குத்தான் கணக்கு. 10 கிலோமீட்டர் வரை அடிப்படைக் கட்டணம். 2025 ஜூன் கடைசியில் அது 1,550 வோன் ஆனது. 2024 ஜனவரியில் இன்னொன்று வந்தது: 62,000 வோன் கட்டி 30 நாள் எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம் என்ற ‘காலநிலைத் துணை’ கார்டு. ஊர் சுற்றிப் பழகவேண்டியவருக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு வேறு இல்லை. தப்பான நிலையத்தில் இறங்கிவிட்டோமே என்ற பதற்றத்தைக் காசுக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டது.

தப்பைப் பற்றிச் சொல்லவேண்டும். பல நிலையங்களில் கட்டணக் கதவு திசைக்கு ஒன்றாகப் பிரிந்திருக்கும். உள்ளே போன பிறகுதான் எதிர்த் திசை நடைமேடையில் நிற்கிறோம் என்று தெரியும். வெளியே வந்து மறுபக்கம் போனால் மறுபடியும் காசு. உள்ளூர்க்காரர்களுக்கே நடக்கிற இந்தப் பிசகுக்கு 2023இல்தான் விடிவு வந்தது. பத்து நிமிடத்துக்குள் திரும்ப நுழைந்தால் கட்டணம் இல்லை என்று முதலில் விதித்தார்கள், சில மாதத்தில் அதைப் பதினைந்தாக்கினார்கள். கழிப்பறைக்கு அவசரமாக வெளியே போய் வருகிறவர்களுக்கும் இது பொருந்தும். சின்னச் சலுகைதான். ஆனால் புதியவனைத் திருடனைப் போல முழிக்க வைக்காத ஊர் என்ற நல்ல பெயரை இப்படிப்பட்ட சலுகைகள்தான் வாங்கித் தருகின்றன.

மேலே சாலையில் நிலைமை வேறு. எல்லா ஊரிலும் வழிகாட்டும் கூகுள் வரைபடம் கொரியாவில் நெடுங்காலம் கைவிரித்தது. விரிவான நில வரைபடத் தரவை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக 2007இலும் 2016இலும் அரசு அனுமதி மறுத்தது. வட கொரியா பக்கத்தில் இருக்கிறது என்ற பாதுகாப்புக் காரணம். அதனால் நடைவழி கேட்டால் அது ஒன்றும் சொன்னதில்லை. நேவர், காகாவோ என்ற உள்ளூர் வரைபடச் செயலிகளைக் கற்றுக்கொள்ளும்வரை புதியவர் நம்பக்கூடியது தரைக்குக் கீழே இருக்கும் வழி மட்டும்தான். இதை நான் முக்கியமான காரணமாக நினைக்கிறேன். பலரும் சுரங்க ரயிலோடு ஒட்டிக்கொள்வது அதன் மேல் உள்ள காதலால் மட்டுமல்ல, மேலே வழி தெரியாததாலும்தான்.

சியோல்காரர்களும் ஒரு காலத்தில் இதே நிலையில்தான் இருந்தார்கள். 1960இல் 24 லட்சம் பேர் இருந்த நகரம் 1970இல் 54 லட்சம், 1980இல் 83 லட்சம், 1988இல் ஒரு கோடி. தெற்கு மாவட்டங்களின் வயல்களிலிருந்து மூட்டையோடு வந்தவர்களே பெரும்பாலோர். அந்த வெள்ளத்துக்கு நடுவில்தான் 1974 ஆகஸ்ட் 15 அன்று முதல் சுரங்கத் தடம் திறந்தது. சியோல் நிலையத்திலிருந்து சொங்னியாங்னி வரை 7.8 கிலோமீட்டர், ஒன்பது நிலையங்கள். அன்று காலை விடுதலை நாள் விழாவில் அதிபர் பார்க் சுங்-ஹீயின் மனைவி சுடப்பட்டார். ரயில் திறப்பு விழா அதிபர் இல்லாமலே நடந்தது.

அடுத்து வந்த 2ஆம் தடத்துக்கு ஒரு கதை சொல்வார்கள். முதலில் நேர்கோடாகத் திட்டமிட்டிருந்ததை மேயர் கூ சா-சுன் வரைபடத்தை வாங்கி வட்டமாகக் கிறுக்கி மாற்றினாராம், இருபதே நிமிடத்தில். கதை எப்படியோ, 1984இல் வட்டம் முடிந்தது: 43 நிலையங்கள், 48.8 கிலோமீட்டர். அப்போது பாதி வயலாகக் கிடந்த கங்னாமை அந்தப் பச்சை வட்டம் பழைய நகரத்தோடு கட்டியது. ரயில் ஊருக்குப் பின்னால் போகவில்லை, ஊர்தான் ரயிலுக்குப் பின்னால் போனது. இன்றைக்குப் புதியவருக்கு நகரத்தின் உருவமே அந்த வட்டம்தான். 2023இல் மாற்றி வரைந்த வரைபடத்தில் அதைக் காம்பஸ் வைத்துப் போட்டதைப் போல முழு வட்டமாகவே காட்டிவிட்டார்கள். உண்மையில் அது அமுங்கிய பணியாரம் போல இருக்கும்.

மொழி விஷயத்துக்கு வருவோம். இதில் தமிழ் வாசகருக்குத் தனிச் சுவை உண்டு. கொரிய எழுத்து இருபத்து நான்கே. பெட்டியின் கதவுக்கு மேலே நிலையப் பெயர் கொரியத்திலும் ரோமன் எழுத்திலும் ஓடுவதை ஒப்பிட்டுக்கொண்டே வந்தால் இரண்டு வாரத்தில் வாசித்துவிடலாம். பலர் கற்றது அப்படித்தான். ஆனால் ரோமன் எழுத்து சில நேரம் ஏமாற்றும். கிம்போ விமான நிலையத்தின் ஆங்கிலப் பெயர் முன்பு ‘கே’யில் தொடங்கியது; 2000இல் அரசு விதியை மாற்றிய பிறகு ‘ஜி’யில் தொடங்குகிறது. பூசானும் இப்படியே ஒரு ‘பி’யிலிருந்து (P) இன்னொரு ‘பி’க்கு (B) மாறியது. ஆங்கிலேயருக்கு இது தலைவலி. நமக்கு இதில் ஒன்றுமே இல்லை. காகம் என்னும்போது முதல் ‘க’ ஒரு மாதிரி, நடு ‘க’ வேறு மாதிரி ஒலிக்கிறதே, அதே கணக்கு. கொரிய எழுத்தும் சொல்லின் முதலில் வலிந்தும், இடையிலும் மெல்லினத்துக்குப் பின்னும் மெலிந்தும் ஒலிக்கும். எழுத்து ஒன்றுதான். (மூச்சுத் தள்ளிச் சொல்லும் எழுத்துகள் தனியாக உண்டு, அங்கே நம் பாச்சா பலிக்காது.)

புணர்ச்சியும் உண்டு. எழுதுவது ‘சின்’, ‘ரிம்’. நிலையத்தின் பெயரோ சில்லிம். ‘வாங்சிப்’ என்பதோடு ‘ரி’ சேர்ந்து வாங்சிம்னி. நல்ல நூல் நன்னூலாகும் கதையைப் பள்ளியில் படித்தவருக்கு இதை விளக்கவேண்டியதில்லை. ‘சொன்’னும் ‘ருங்’கும் சேர்ந்த அரச கல்லறை நிலையத்தின் பெயர் சொல்லுங். அறிவிப்பில் அதைக் கேட்கும் தமிழர் யாரோ தம்மிடம் எதையோ கேட்க வந்து ‘க’வை விழுங்கிவிட்டதாக நினைத்தால் குற்றம் சொல்ல முடியாது.

ஓர் உயிரெழுத்துப் பிசகு 2ஆம் தடத்தின் வட்டத்தில் ஆயிரக்கணக்கானவர்களை அலைக்கழித்திருக்கிறது. மேற்கே சின்சோன், பல்கலைக்கழக மாணவர்களின் கடைத்தெரு. தென்கிழக்கே சின்சொன். முன்னதன் பொருள் புதூர், பின்னது புத்தாறு. இரண்டும் பச்சைத் தடத்திலேயே, 240ஆம் எண்ணும் 217ஆம் எண்ணும். ஏறக்குறைய அரை வட்டம் தள்ளி. ஒன்றில் காத்திருக்கும் நண்பரை மற்றொன்றில் தேடினால் முக்கால் மணி நேரம் போயிற்று. கடைசியில் 2016 டிசம்பரில் புத்தாற்றின் பெயரை ஜம்சில்சேனே என்று மாற்றினார்கள். வெளிநாட்டினர் மட்டுமே குழம்பியிருந்தால் மாற்றியிருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

பெயர்களை அப்படியே நம்பவும் கூடாது. சியோல் தேசியப் பல்கலைக்கழக நிலையத்தில் இறங்கினால் பல்கலைக்கழகம் இருக்காது. இரண்டு கிலோமீட்டர் தள்ளி மலையடிவாரத்தில் இருக்கிறது, பேருந்து பிடிக்கவேண்டும். 4ஆம் தடத்தில் சோங்சின் பல்கலைக்கழகம் என்ற பெயருள்ள நிலையம், 7ஆம் தடத்துக்கு மாறும்போது ஈசு என்று பெயர் மாறிக்கொள்கிறது. இடம் ஒன்று, பெயர் இரண்டு. நிலையத்துக்குத் துணைப் பெயர் வைக்கும் உரிமையை வங்கிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் ஏலத்தில் விற்கும் வழக்கமும் வந்துவிட்டது.

நிலையத்தைவிட முக்கியம் வாசல். சியோலில் யாரும் தெருப் பெயர் சொல்லி வரச் சொல்லமாட்டார்கள். தெருப்பெயர் முகவரி முழுமையாக நடைமுறைக்கு வந்ததே 2014இல்தான். அதுவரை மனை எண்தான், அது அஞ்சல்காரருக்கே முழுதாக வெளிச்சமில்லை. அதனால் ‘ஹோங்தே, 9ஆம் வாசல்’ என்றால் போதும். தப்பான வாசலில் ஏறினால் எட்டு வழிச் சாலையின் மறுபக்கத்தில் நிற்பீர்கள். கடக்க வழி இருக்காது. மறுபடி கீழே இறங்கவேண்டும். வீடு தேடும்போதும் இதே கணக்கு. நிலையத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் இடத்துக்கு ‘யோக்செக்வோன்’ என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். அந்தச் சொல் விளம்பரத்தில் இருந்தால் வாடகை ஏறும். ஐந்து நிமிட நடை என்று போட்டிருப்பார்கள். அந்த நிமிடங்களை நடந்து பார்த்து நம்புவது நல்லது. சியோல் மேடும் பள்ளமுமான ஊர். வரைபடம் மேட்டைக் காட்டாது.

இதுவரை சொன்னதில் புதியவர் என்பதை ஒரே ஆளாகவே பேசிவிட்டேன். அது சரியல்ல. ஆங்கிலத்தில் வெளிநாடு போனவர்களுக்கு ‘எக்ஸ்பாட்’, ‘இமிகிரண்ட்’ என்று இரண்டு சொற்கள் உண்டு. சம்பளமும் தோலின் நிறமும் பார்த்துத்தான் எது யாருக்கு என்று முடிவாகும். சியோல் ரயில் வரைபடத்தில் அந்தப் பிரிவினை நிறம் நிறமாகத் தெரியும். மொழி ஆசிரியர்களும் நிறுவன அதிகாரிகளும் எழுதும் வழிகாட்டிகளில் 6ஆம் தடமும் இடேவோனும், 2ஆம் தடமும் ஹோங்தேயும் வரும். 2ஆம் தடமும் 7ஆம் தடமும் சந்திக்கும் தேரிமில் இறங்கினால் பலகைகள் சீன எழுத்தில். யான்பியனிலிருந்து வந்தவர்களின் ஊர் அது. நாடகத்தின் நாயகி இன்றைக்கு வந்திருந்தால் அங்கேதான் அறை எடுத்திருப்பாள். தோங்தேமுன் பக்கத்தில் நேபாள உணவகங்களும், சற்றுத் தள்ளி மங்கோலிய, உஸ்பெக் கடைகளும். ஹேஹ்வாவில் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தை ஒட்டி பிலிப்பினோக்களின் சந்தை. ஹாக்சோன் அரங்கு இருந்ததும் இதே நிலையத்தின் அருகில்தான். 2024 மார்ச்சில் அரங்கை மூடினார்கள், ஜூலையில் கிம் மின்-கி காலமானார்.

4ஆம் தடத்தில் தெற்கே போனால் ஆன்சான். அங்கே வோன்கோக்-தோங் பகுதியில் நூறுக்கும் மேற்பட்ட நாட்டினர் வாழ்கிறார்கள். 2009இல் அதைப் பல்பண்பாட்டுச் சிறப்புப் பகுதி என்று அறிவித்தார்கள். கொரியா 2004இல் வேலை அனுமதித் திட்டத்தைத் தொடங்கியபோது ஆள் அனுப்பிய முதல் ஆறு நாடுகளில் இலங்கையும் ஒன்று. இந்தியா அந்தத் திட்டத்தில் இல்லை. அதனால் கொரியாவில் தமிழ்நாட்டுத் தமிழரைப் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்திலும் மென்பொருள் அலுவலகத்திலும் பார்க்கலாம், இலங்கையரைத் தொழிற்சாலையிலும் பார்க்கலாம். முதலாளியின் சம்மதம் இல்லாமல் சுலபத்தில் வேலை மாற முடியாத அந்தத் தொழிலாளிக்குச் சுரங்க ரயில் என்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். ஊர் சுற்றுவது என்ற சொல்லுக்கு அவரிடம் இருக்கும் பொருளும் வார இறுதியில் காபிக் கடை தேடிப் போகிறவரிடம் இருக்கும் பொருளும் ஒன்றல்ல.

ஆன்சான் போகும் வழியில் ஒரு வேடிக்கை நடக்கும். நாம்தேரியோங்குக்கும் சொன்பாவிக்கும் இடையே பெட்டியில் சில விளக்குகள் அணைந்து, குளிர்சாதனத்தின் இரைச்சல் நின்று, ரயில் வந்த வேகத்திலேயே ஓசையின்றி உருளும். புதியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். உள்ளூர்க்காரர் தூக்கம் கலையமாட்டார். இந்தத் தடத்தில் சியோல் நகரம் கட்டிய பகுதியில் ரயில் வலப்பக்கம் ஓடும், நேர்மின்சாரம். தேசிய ரயில்வே கட்டிய பகுதியில் இடப்பக்கம், மாறுமின்சாரம். இரண்டும் சந்திக்கும் இடத்தில் சுரங்கங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் புரண்டு பக்கம் மாறுகின்றன. முறுக்கிப் பொரிக்கும் ஒரு பலகாரத்தின் பெயரை அந்தச் சுரங்கத்துக்கு வைத்திருக்கிறார்கள். இரண்டு அரசு அலுவலகங்கள் ஒத்துப்போகாததற்கு இதைவிட நீளமான நினைவுச்சின்னம் எங்கும் இருக்குமா தெரியவில்லை.

பெட்டிக்குள் நடந்துகொள்ளும் முறையை யாரும் சொல்லித்தரமாட்டார்கள். ஓரங்களில் இருக்கும் முதியோர் இருக்கைகள், மூச்சு முட்டும் கூட்டத்திலும் காலியாகவே இருக்கும். இளஞ்சிவப்பு இருக்கை கருவுற்றவர்களுக்கு. 65 வயதானவர்களுக்கு 1984இலிருந்து பயணம் இலவசம். அதனால் முதல் தடத்தில் பெரியவர்கள் கூட்டம். தோபோங்சான் மலைக்கு வண்ண உடையோடு ஏறப்போகிறவர்கள், ஓன்யாங் வெந்நீர் ஊற்றுக்கே ரயிலில் போய்வருகிறவர்கள். இலவசப் பயணத்தை வைத்துப் பொட்டலம் பட்டுவாடா செய்து பிழைக்கும் தாத்தாக்களும் உண்டு. இறங்கும்போது ‘நேரில்கேயோ’ என்றால் வழிவிடுவார்கள். ஆனால் காலை எட்டு மணிக்கு 9ஆம் தடத்து விரைவு ரயிலில் அந்தச் சொல்லும் எடுபடாது. அதற்கு ‘நரக ரயில்’ என்று கொரியர்களே பெயர் வைத்துவிட்டார்கள்.

ரயில் காட்டாத விஷயங்களும் உண்டு. நடைமேடைத் தரையில் 4-3, 7-1 என்று பெட்டி எண்ணும் கதவு எண்ணும் எழுதியிருக்கும். எந்தக் கதவில் நின்றால் மாறும் படிக்கட்டுக்கு நேராக இறங்கலாம் என்பதைப் புதியவர் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார். கூயி நிலையத்தின் 9-4 என்ற எண்ணுக்குள் என்ன இருக்கிறது என்பதை அவருக்கு யாராவது சொன்னால்தான் உண்டு. 2016 மே 28 அன்று அங்கே தடுப்புக் கதவைத் தனியாகப் பழுதுபார்த்துக்கொண்டிருந்த 19 வயது ஒப்பந்தத் தொழிலாளி ரயிலில் நசுங்கி இறந்தார். அவர் பையில் சாப்பிடாத கோப்பை நூடுல்ஸ் இருந்தது. கதவு முழுக்க மக்கள் ஒட்டிய சீட்டுகள் நாட்டையே உலுக்கின. காலையில் ரயில் தாமதமாகும்போது சலித்துக்கொள்கிறவருக்கும் பின்கதை தெரியாமல் போகலாம். 2001இல் ஓயிதோ நிலையத்தில் சக்கர நாற்காலித் தூக்கி அறுந்து ஒரு முதிய பெண் இறந்ததிலிருந்து மாற்றுத்திறனாளிகள் போராடி வருகிறார்கள். 2021 டிசம்பரிலிருந்து நெரிசல் நேரத்து ரயில்களில் ஏறியே போராடினார்கள்.

இடேவோன் 1ஆம் வாசலை மட்டும் எல்லோருக்கும் தெரியும். 2022 அக்டோபர் 29 இரவு, அதன் பக்கத்துச் சந்தில் நெரிசலில் 159 பேர் இறந்தார்கள். அவர்களில் 26 பேர் வெளிநாட்டினர். வழிகாட்டிகள் புதியவர்களை முதலில் அனுப்பும் நிலையம் அது.

என் முடிவு இதுதான். சுரங்க ரயில் புதியவருக்கு ஊரைச் சீக்கிரம் தருகிறது, ஆனால் தீவு தீவாகத் தருகிறது. ஓராண்டு இருந்தவர்கூட சோங்னோ 3-காவிலிருந்து உல்சிரோ 3-காவுக்கு ரயிலில் ஏறிப் போவதைப் பார்க்கலாம். பத்து நிமிட நடை அது. நடுவில் சோங்கேசொன் ஓடை ஓடுகிறது. கண்டதே இல்லை என்பார்கள். நீலப் பேருந்திலும் பச்சைப் பேருந்திலும் ஏறத் துணிந்த பிறகுதான் அந்தத் தீவுகளுக்கு நடுவே நிலம் முளைக்கும்.

சியோலுக்குப் போகிற தமிழ் மாணவர்களுக்கு ஒன்று சொல்வேன். டி-மணி கார்டில் ரொக்கம் போட்டுக்கொண்டு, முதல் ஞாயிறு 2ஆம் தடத்தில் ஒரு முழுச் சுற்று போய்வாருங்கள்; ஒன்றரை மணி நேரம் ஆகும். ஹாப்சோங்கிலிருந்து தாங்சானுக்குப் போகும்போது ரயில் தரைக்கு மேலே வந்து ஹான் ஆற்றைக் கடக்கும். விரிசல் கண்டு 1997இல் மூடி, 1999இல் மறுபடி கட்டித் திறந்த பாலம் அது. போகும் திசையில் இடப்பக்கக் கதவருகே நில்லுங்கள், நாடாளுமன்றத்தின் குவிமாடம் தெரியும். அடுத்த ஞாயிறு, அதே வழியில் ஒரு நிலையம் முன்னாலேயே இறங்கி நடந்து பாருங்கள்.